ஒரு டீயோடு போன 1.86 லட்சம்

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். வயது 27. பி.காம் முடித்துவிட்டு சிஏ படித்தேன். இன்டர் (இடைநிலைத் தேர்வு) முதல் குரூப்பை 2021 டிசம்பரில் எழுதித் தேறினேன். இரண்டாவது குரூப்பை மூன்று தடவை எழுதியும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன். 2022 மார்ச்சிலிருந்து சிம்மக்கல் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் அசிஸ்டென்ட். 2023-ல் அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் என்பதால் ஏழு மாதம் வேலைக்குப் போகவில்லை. பிறகு ஆடிட்டர் சாரே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். இப்போது சம்பளம் 15,000.

கப்பலூர் பக்கம் ஏதாவது கம்பெனியிலோ சென்னையிலோ அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகலாம் என்று ஆறு மாதமாக முயற்சி செய்கிறேன். நாற்பது இடத்துக்கு மேல் பயோடேட்டா அனுப்பியாயிற்று. இரண்டே இரண்டு போன் வந்தது. வேலை தெரியாதவள் இல்லை சார். 22 பார்ட்டிக்கு ஜிஎஸ்டி நான்தான் பார்க்கிறேன். டவுன்ஹால் ரோடு எலெக்ட்ரிக்கல் கடை ஒன்றுக்கு 1.86 லட்சம் ஐடிசி (வாங்கிய சரக்குக்குக் கொடுத்த ஜிஎஸ்டியைத் தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு) விட்டுப்போயிருந்தது. சப்ளையர் வேறு ஜிஎஸ்டி நம்பரில் பில்லை ஏற்றிவிட்டார். நான்கு தடவை போன் பண்ணி அவரைத் திருத்தவைத்து வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு ஆடிட்டர் சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சிஏ முடிக்காததை எழுதலாமா? ஏழு மாத இடைவெளியைக் காட்டலாமா? டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) சான்றிதழ் இல்லாததுதான் காரணமா? 18,000 ரூபாய்க்கு ஒரு கோர்ஸ் சொல்கிறார்கள். நான் வேலை தேடுவது சாருக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வாரோ என்றும் பயமாக இருக்கிறது. பயோடேட்டாவை இணைத்திருக்கிறேன்.

பெயர் வெளியிட வேண்டாம், மதுரை.

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தை ஒரு தடவையும் பயோடேட்டாவை இரண்டு தடவையும் படித்தேன். கடிதம் எழுதியவரை நாளைக்கே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பயோடேட்டா எழுதியவருக்கு நானும் போன் பண்ணியிருக்க மாட்டேன். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பது நாற்பது கம்பெனிக்கும் தெரியாமல் போய்விட்டது.

கப்பலூரில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினேழு வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஆள் எடுக்கிற வேலையும் என் தலையில்தான். ஓர் அக்கவுண்டன்ட் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், ஒரு வாரத்தில் மெயில் நிரம்பிவிடும். மதியச் சாப்பாட்டுக்கும் அடுத்த டீக்கும் நடுவில் அவற்றைப் புரட்டுவேன். ஒன்றுக்கு அரை நிமிடம் கிடைத்தால் அதிகம்.

அந்த அரை நிமிடத்தில் உங்களுடையதில் என் கண்ணில் பட்டவை: ரோஜாப்பூ பார்டர், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அப்பா பெயர், மதம், ஜாதி, ரத்த வகை, ஆதார் எண். அப்புறம், 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் முன்னேற்றத்துக்குப் பாடுபடுவதே என் லட்சியம்' என்கிற அந்த வாசகம். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அடித்தீர்களா? எனக்கு வருவதில் பாதிக்கு மேல் இதே வாசகம், இதே எழுத்துப் பிழையோடு இருக்கிறது. ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ அடித்து வைத்ததை ஊரே பெயர் மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் இரண்டு பக்கமும் நீங்கள் யார் வீட்டுப் பெண், எங்கே படித்தீர்கள் என்பதிலேயே போய்விட்டது. என்ன வேலை தெரியும் என்பது மூன்றாம் பக்கத்தில் ஐந்தே சொல்லில் இருக்கிறது: ஜிஎஸ்டி, டிடிஎஸ், டேலி, டாக்ஸ் ஆடிட், பேங்க் ரீகன்சிலியேஷன். நான்காம் பக்கத்தில் 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்று உறுதிமொழி.

டே புக்கில் (தினக் கணக்குப் புத்தகத்தில்) ஒருவர் 'சரக்கு வாங்கியது' என்று மட்டும் எழுதிவிட்டு, யாரிடம், எத்தனை மூட்டை, என்ன விலை, பில் நம்பர் என்ன என்று எழுதாமல் விட்டால் உங்கள் ஆடிட்டர் சார் ஒத்துக்கொள்வாரா? வவுச்சர் எங்கே, ஆதாரச் சீட்டு எங்கே என்று கேட்பார். பயோடேட்டாவைப் புரட்டுகிற நானும் அதே பழக்கத்தில் ஊறியவன்தான். கணக்கு வேலைக்கு வரும் பயோடேட்டாவை இன்னொரு கணக்குக்காரர்தான் படிக்கிறார். 'ஜிஎஸ்டி தெரியும்' என்ற வரி அவருக்கு வவுச்சர் இல்லாத என்ட்ரி.

அந்த 1.86 லட்சத்தைப் பாருங்கள். எனக்கு எழுதிய கடிதத்தில், அதுவும் புலம்பலுக்கு நடுவில், அதைச் சொல்லத் தெரிந்திருக்கிறது. பயோடேட்டாவில் அது இல்லை. அன்றைய டீயோடு அந்தக் கணக்கை நீங்களே முடித்துவிட்டீர்கள். ஆனால் ஆள் எடுக்கிறவனுக்கு அந்த ஒரு சம்பவத்தில் எத்தனை விஷயம் இருக்கிறது! 2022 ஜனவரி 1-லிருந்து 2பி-யில், அதாவது சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியலில், வராத பில்லுக்கு வரவு எடுக்க முடியாது. ஆகவே நீங்கள் 2பி-யை எடுத்து, கொள்முதல் பதிவேட்டோடு வரி வரியாக ஒப்பிட்டிருக்கிறீர்கள். வித்தியாசம் வந்ததும் 'வரவில்லை' என்று எழுதி ஓரமாக வைக்காமல் ஏன் வரவில்லை என்று தேடியிருக்கிறீர்கள். சப்ளையரைத் துரத்தி அவருடைய ஜிஎஸ்டிஆர்-1-ல் (விற்பனை ரிட்டர்னில்) திருத்தவைத்திருக்கிறீர்கள். ஒரு நிதியாண்டின் பில்லுக்கு, அது முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் வரவு எடுத்தாக வேண்டும். அதற்கு முன்பே வருடாந்திர ரிட்டர்ன் போட்டுவிட்டால் அத்தோடு சரி. அந்தக் கெடுவையும் தவறவிடவில்லை. எங்கள் தொழிற்சாலையில் மாதாமாதம் இதற்காகவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

பயோடேட்டாவை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள். எழுத வேண்டிய விஷயத்தைத் தமிழில் சொல்கிறேன், நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். 'ஜிஎஸ்டி' என்று ஒற்றைச் சொல் இருந்த இடத்தில் இப்படி வரலாம்:

'22 வியாபார நிறுவனங்களின் ஜிஎஸ்டி ரிட்டர்ன். பில் பதிவு, 2பி ஒப்பீடு, ஜிஎஸ்டிஆர்-1, 3பி தயாரிப்பு வரை சொந்தப் பொறுப்பில். இறுதி ஒப்புதல் ஆடிட்டர். எலெக்ட்ரிக்கல் பொருள் வியாபாரி ஒருவருக்கு, சப்ளையர் தவறான எண்ணில் ஏற்றியதால் விடுபட்ட ரூ. 1.86 லட்சம் உள்ளீட்டு வரி வரவைக் கண்டறிந்து, திருத்தவைத்து, கெடுவுக்குள் எடுத்தது.'

22-ல் எத்தனை பேர் மாதா மாதம், எத்தனை பேர் 5 கோடிக்குள் விற்றுமுதல் வைத்துக் காலாண்டு முறையில் இருப்பவர்கள் என்று பிரித்துச் சொன்னால் இன்னும் நல்லது. மாதக்காரர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டும் 3பி என்று கழுத்தில் கத்தி. அந்த எண்ணைப் பார்த்ததும் உங்கள் மாதம் எப்படி ஓடுகிறது என்பது எங்களுக்குப் புரிந்துவிடும்.

இதேபோல உங்கள் 22 பேரையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஒவ்வொருவர் கணக்கிலும் என்ன சிக்கல் வரும் என்று எழுதிப் பாருங்கள். ஒரு சாயங்காலம் போதும். மதுரையில் ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவருக்குக் கிடைக்கிற வகை வேறு ஊரில் லேசில் கிடைக்காது. கீழமாசி வீதிப் பருப்பு மண்டி ஒன்றாவது உங்கள் கையில் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். 2022 ஜூலை 18-லிருந்து 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய பருப்புக்கு 5 சதவீத வரி வந்தது; அதைவிடப் பெரிய மூட்டைக்குக் கிடையாது. ஒரே கடையில் வரி உள்ள விற்பனையும் வரி இல்லாத விற்பனையும். அப்படியானால் கடை வாடகை, ஆடிட் ஃபீஸ் மாதிரி பொதுச் செலவுக்குக் கட்டிய வரியை முழுதாக எடுக்க முடியாது. விகிதம் போட்டுத் திருப்ப வேண்டும். இதை மாதாமாதம் செய்கிறவர் 'வரி விலக்கு விற்பனைக்கான உள்ளீட்டு வரித் திருப்பல் கணக்கு' என்று ஒரு வரி எழுதினால், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடை என்றால் இருப்புக் கணக்கு, பழைய தங்கம் மாற்று. மாட்டுத்தாவணிப் பூ வியாபாரி என்றால் பூவுக்கு வரியே இல்லை, ஆனால் ரொக்கம் தண்ணீராக ஓடும். ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுத விஷயம் இருக்கிறது.

ஆனால் பார்ட்டி பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். எந்தக் கடை, யார் முதலாளி என்பது உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. 'பருப்பு மொத்த வியாபாரம்' என்பதோடு நிறுத்துங்கள். விற்றுமுதலையும் தோராயமாகச் சொன்னால் போதும். ஒரு தடவை ஒரு பையன் தன் திறமைக்குச் சாட்சியாக, தான் தயாரித்த ஒரு பார்ட்டியின் பேலன்ஸ் ஷீட்டையே பயோடேட்டாவோடு இணைத்து அனுப்பியிருந்தான். அழகாகத்தான் போட்டிருந்தான். ஆனால் நாளைக்கு எங்கள் பேலன்ஸ் ஷீட்டும் இப்படித்தானே ஊர் சுற்றும்? மறுபேச்சில்லாமல் ஒதுக்கிவிட்டேன். பாவம், ஏன் கூப்பிடவில்லை என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொன்று, நீங்களே செய்தது எது, கூட இருந்து உதவியது எது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பயோடேட்டாவில் 'டாக்ஸ் ஆடிட்' என்று இருக்கிறது. ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் ஆடிட்டர். நீங்கள் அந்த அறிக்கையோடு போகும் 3சிடி படிவத்துக்கு விவரம் தொகுத்திருப்பீர்கள். அதை அப்படியே எழுதுங்கள், அதுவே பெரிய வேலை. உதாரணமாக, 2023-24 நிதியாண்டு முதல் சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவைக் கொடுக்கிற வருடத்தில்தான் கழிக்க முடியும் என்று வந்ததே, அதற்காகக் கிரெடிட்டர்ஸ் (நாம் பணம் கொடுக்க வேண்டியவர்கள்) பட்டியலில் யார் யார் சிறு நிறுவனம் என்று பதிவுச் சான்று வாங்கிப் பிரித்தது யார்? நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஆடிட்டர்கள் அந்த வேலைக்கு உட்காருவதில்லை.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் உண்டு. 1999-ல் ஒரு நூற்பாலைக்கு விண்ணப்பித்தபோது என் பயோடேட்டாவில் 'பேங்க் ரீகன்சிலியேஷனில் எக்ஸ்பர்ட்' என்று போட்டிருந்தேன். பேங்க் கணக்கையும் நம் கணக்கையும் ஒப்பிட்டு வித்தியாசம் கண்டுபிடிக்கிற வேலை அது. அப்போது எனக்கு வேலை அனுபவம் ஒன்றரை வருடம். இன்டர்வியூவில் மேனேஜர் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாத பாஸ் ஷீட்டையும் கேஷ் புக்கையும் என் முன்னால் வைத்து, "2,700 ரூபாய் இடிக்குது தம்பி, பார்த்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் 2,700 ரூபாய்க்கு ஏதாவது செக் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. 1,350-ஐ வரவு, செலவு பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று தேடினேன். அதுவும் இல்லை. திரும்பி வந்தவர் கேட்டார்: "ஒன்பதால வகுத்துப் பார்த்தீங்களா?" மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு என்று அர்த்தம். 4,710 ரூபாய் செக்கை 7,410 என்று எழுதியிருந்தார்கள். வேலை கிடைக்கவில்லை. அன்றைக்கு சாயங்காலம் ராஜபாளையம் பஸ்ஸில் வரும்போதே அந்த 'எக்ஸ்பர்ட்'டை அடித்துவிட்டேன். உங்கள் பயோடேட்டாவிலும் அந்தச் சொல் இரண்டு இடத்தில் இருக்கிறது. கூடவே 'கடின உழைப்பாளி', 'குழுவாக வேலை செய்வேன்' எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

நானும் இன்றைக்கு அதே மாதிரிதான் கேட்கிறேன். பயோடேட்டாவில் ஒரு வரியில் விரல் வைத்து, 'இதைச் சொல்லுங்கள்' என்பேன். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஐந்து நிமிடம் பேச முடிகிறதா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். பேச வராத வரியை எடுத்துவிடுங்கள்.

கம்பெனிக்காரர்களுக்கு ஆடிட்டர் ஆபீஸ் ஆட்களைப் பற்றி ஒரு எண்ணம் உண்டு. எனக்கும் உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன். 'இவங்களுக்கு வருடக் கடைசி தெரியும், மாதக் கடைசி தெரியாது.' பார்ட்டி மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுகிற பில்லைப் பதிந்து, செப்டம்பரில் ஃபைனல் பண்ணிப் பழகியவர்கள் நீங்கள். தொழிற்சாலையில் ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்தாறு நாளுக்குள் போன மாதத்துக் கணக்கை மூட வேண்டும். வராத கரண்ட் பில்லுக்கும் தோராயமாக ஒரு செலவு (ப்ரொவிஷன்) போட வேண்டும், கையிருப்புச் சரக்குக்கு மதிப்புப் போட வேண்டும், முதலாளி மேஜையில் லாப நட்டம் இருக்க வேண்டும். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற மாதிரி உங்களிடம் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். ஏதாவது ஒரு பார்ட்டிக்கு பேங்க் சிசி (சரக்கை ஈடாகக் காட்டி எடுக்கும் கடன்) கணக்குக்காக மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் போட்டுக் கொடுக்கிறீர்களா? 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ், 15-ஆம் தேதிக்குள் பிஎஃப், இஎஸ்ஐ என்று யாருக்காவது சலான் போடுகிறீர்களா? 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள பார்ட்டிக்கு இ-இன்வாய்ஸ் எடுத்த அனுபவம் உண்டா? கப்பலூருக்கு அனுப்பும் பயோடேட்டாவில் இவைதான் மேலே வர வேண்டும். வருமான வரி ரிட்டர்ன் எத்தனை போட்டீர்கள் என்பது கீழே போகலாம். ஒரு கம்பெனிக்கு வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன்தானே.

டிடிஎஸ் பற்றி எழுதும்போது செக்‌ஷன் எண்ணை அடுக்காதீர்கள். 194சி, 194ஜே என்று வாய்ப்பாடு மாதிரி எழுதிய காலம் போயிற்று. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் வருடச் சட்டத்தின் இடத்தில் 2025 வருமான வரிச் சட்டம்; எண்கள் மாறிவிட்டன. 'காண்டிராக்டர், வாடகை, தொழில்முறைக் கட்டணம், சம்பளம் ஆகியவற்றுக்குப் பிடித்தம், காலாண்டு ரிட்டர்ன்' என்று வேலையைச் சொல்லுங்கள். புது எண்களை இன்டர்வியூவுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

சென்னைக் கம்பெனிகளின் கதை வேறு. அங்கே முதலில் படிப்பது பெரும்பாலும் ஆள் இல்லை, மென்பொருள்; அதற்கப்புறம் ஹெச்ஆர். விளம்பரத்தில் அவர்கள் எழுதியிருக்கும் சொல்லையே, உங்களுக்குத் தெரிந்த வேலையாக இருந்தால், நீங்களும் எழுதுங்கள். இங்கே 'வசூல் பாக்கி' என்பதை அங்கே ரிசீவபிள்ஸ் என்பார்கள்; கொடுக்க வேண்டியது பேயபிள்ஸ். ஆகவே இரண்டு பயோடேட்டா வேண்டும், கப்பலூருக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று. நீங்கள் அனுப்பியிருக்கும் பிடிஎஃப்பில் இன்னொரு கோளாறு: அது ஸ்கேன் செய்த படம். போனில் திறந்து எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பாருங்கள், எதுவும் தேர்வாகாது. மனிதனுக்குத் தெரியும், மென்பொருளுக்கு அது வெள்ளைத்தாள். பார்டர், கட்டம், போட்டோ எதுவும் இல்லாமல் நேராக டைப் செய்து பிடிஎஃப் ஆக்குங்கள். நான்கு வருட அனுபவத்துக்கு ஒரு பக்கம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. ஃபைலுக்கு உங்கள் பெயரை வையுங்கள்; 'நியூ ஃபைனல் 2' என்று என் கம்ப்யூட்டரிலேயே எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஆதார் எண்ணை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். முன்பின் தெரியாத நாற்பது பேரிடம் அது போயிருக்கிறது என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

லட்சிய வாசகம் இருந்த இடத்தில் மூன்று வரி போதும்: எத்தனை வருட அனுபவம், எந்த மாதிரி வியாபாரங்கள், சிஏ எந்த அளவு, சேர எத்தனை நாள் ஆகும்.

சிஏ விஷயத்துக்கு வருவோம். நீங்கள் 'சிஏ இன்டர்' என்று மட்டும் எழுதி நிறுத்தியிருக்கிறீர்கள். படிக்கிறவர் முடித்தவர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதானே? இன்டர்வியூவில் முதல் கேள்வியிலேயே அது உடையும். 'சிஏ இன்டர், முதல் குரூப் தேர்ச்சி, டிசம்பர் 2021 தேர்வு' என்று எழுதுங்கள். இரண்டாம் குரூப்பை எத்தனை தடவை எழுதினீர்கள் என்பது யாருக்கும் வேண்டாம். நீங்கள் தேறிய முதல் குரூப்பில் என்னென்ன தாள்? கணக்கியல், கம்பெனிச் சட்டம், காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு), வரி. ஒரு தொழிற்சாலை அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு வேண்டிய நான்கும் அதில் இருக்கிறது. அந்த நான்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள். 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று மட்டும் போடாதீர்கள். பரீட்சை லீவு கேட்பார் என்று பயந்தே சில பேர் ஒதுக்குவார்கள்.

ஏழு மாத இடைவெளி. உங்கள் பயோடேட்டாவில் 2022 மார்ச் முதல் இன்று வரை என்று ஒரே கோடாக இழுத்திருக்கிறீர்கள். திருத்தச் சொல்வதில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெரிய கம்பெனியில் சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள்; அதில் ஏழு மாதம் காலியாக இருக்கும். வேறு வேலைக்குப் போகிறவர் தேதியை மாற்றினால் சின்னப் பொய் என்று விட்டுவிடுவார்களோ என்னவோ, கணக்கு வேலைக்கு வருகிறவர் தேதியைச் சரிக்கட்டினால் நாளைக்கு வவுச்சரையும் சரிக்கட்டுவார் என்றுதான் தோன்றும். இரண்டு பகுதியாகப் பிரித்து எழுதுங்கள். நடுவில் 'தந்தையின் இருதய அறுவை சிகிச்சை காரணமாக ஏழு மாத இடைவெளி. அதே அலுவலகம் மீண்டும் பணியில் சேர்த்துக்கொண்டது' என்று ஒரு வரி. பெற்றவருக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்ததை நம் ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஏழு மாதம் கழித்தும் ஓர் ஆடிட்டர் தானே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார் என்றால் நீங்கள் இல்லாமல் அங்கே கை ஒடிந்த மாதிரி இருந்திருக்கிறது. நீங்கள் மறைத்து வைத்திருப்பது உங்கள் நற்சான்றிதழை.

டேலி கோர்ஸுக்கு 18,000 கொடுக்காதீர்கள். தினமும் எட்டு மணி நேரம் டேலியில் இருப்பவருக்கு எதற்குச் சான்றிதழ்? ஏதாவது புதிதாகப் பழக வேண்டுமென்றால் டேலி பிரைமை வீட்டிலேயே எஜுகேஷனல் மோடில் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட விடும். பழகுவதற்கு அது போதும். அதில் எடிட் லாக் (திருத்தப் பதிவு) என்பதைப் போட்டுப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள், திருத்தம் செய்தால் தடம் பதிகிற மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும். மண்டிக் கணக்கில் பின்தேதிக்குப் போய் ஒரு வவுச்சரை மாற்றிவிட்டு வருவது சர்வ சாதாரணம். கம்பெனியில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்று நிற்கும். அந்த வித்தியாசம் தெரிந்தவர் என்று காட்டிக்கொண்டால் மாதக்கடைசிச் சந்தேகத்தில் பாதி போய்விடும். மிச்ச நேரத்தை எக்செல்லுக்குக் கொடுங்கள். 'எம்எஸ் ஆபீஸ்' என்று எழுதாமல், 2பி ஒப்பீட்டை வி-லுக்அப் போட்டுச் செய்கிறீர்களா, பிவட் டேபிள் போட்டு பார்ட்டி வாரியாகப் பாக்கி எடுக்கிறீர்களா என்று எழுதுங்கள்.

கடைசியாக உங்கள் ஆடிட்டர் சார். அவருக்குத் தெரியாமல் இருக்காது, அம்மா. நான் ஒருவரை எடுக்கப்போகிறேன் என்றால் எங்கள் ஆடிட்டருக்கு ஒரு போன் போட்டு, 'சிம்மக்கல்லில் இன்ன ஆபீஸ் பெண், எப்படி?' என்று கேட்பேன். அவர் உங்கள் சாருக்கு போன் போடுவார். மதுரையில் ஆடிட்டர்கள் எல்லாரும் ஒரே சங்கக் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்கள். ஆகவே இரண்டாவது கட்ட இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்ததும், வேறு யார் வாயிலாகவும் போவதற்கு முன்னால் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். காலையில் பார்ட்டிகள் வருவதற்கு முன்னால் சொல்லுங்கள். அப்பாவின் மருந்துச் செலவு, இந்தச் சம்பளத்தில் முடியவில்லை என்று உள்ளதைச் சொன்னால் போதும். அனுபவச் சான்றிதழை அப்போதே கேட்காதீர்கள்; ஆர்டர் கையில் வந்த பிறகு கேளுங்கள். டாக்ஸ் ஆடிட் நெருக்கத்தில், செப்டம்பரில் கிளம்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எந்த ஆடிட்டருக்கும் அது மனசு ஆறாது. அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு அவரே நாலு இடத்தில் சொல்லி வைப்பதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் டிபார்ட்மென்ட்டில் இப்போது டிடிஎஸ் பார்க்கிற பெண் அப்படி வந்தவர்தான்.

புதிதாக எழுதியதை எனக்கும் ஒன்று அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். இந்த மாதம் 20-ஆம் தேதிக்கு முன்னால் மட்டும் வேண்டாம். அதுவரை உங்களுக்கும் எழுத நேரம் இருக்காது, எனக்கும் படிக்க நேரம் இருக்காது.